முன்பிருந்த குமாஸ்தா

அச்சகத்திலிருந்து இன்று காலை புது நோட்டீசின் புரூப் வந்தது. இரண்டு பிரதிகள்; ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. நீ இந்த ஆபீசை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. இறந்து ஒரு மாதமாகிறது. அச்சகக்காரர் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஈர மையின் வாடை அறை முழுக்க நிற்கிறது. உன் நாற்காலியில் பழைய காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். சும்மா கிடந்தால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

பி.ஏ. முடித்த கையோடு செஞ்சிக் கடைத்தெருவில், சைக்கிள் கடை மாடியில், நாம் இந்த ஆபீசைத் திறந்தபோது ஊர் சிரித்தது. மில்லுக்குக் குமாஸ்தா, லாரிக்கு டிரைவர் என்று ஆள் தேடிக் கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா? "பொண்ணு பாத்துக் குடுக்க தரகர் இருக்கறாரு. குமாஸ்தா பாத்துக் குடுக்க ரெண்டு பி.ஏ.வா?" என்று சைக்கிள் கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். 'நாணயமான சேவை, நம்பிக்கையான ஆட்கள்' என்று நான் எழுதிய நோட்டீசில் எதிர்க்கடையில் பக்கோடா மடித்தார்கள்.

"நம்மள பத்தி எழுதாதடா. ஆள் எடுத்தவங்க கதைய எழுது. முன்னாடி இன்னா கஷ்டம், நம்ம ஆள் சேந்தப்புறம் இன்னா ஆச்சு. அத படிச்சா அடுத்தவன் தானா மாடி ஏறுவான்" என்றாய்.

ஏறினார்கள். முகம் சுளிக்காமல் முப்பது சேலை விரித்துக் காட்டும் ஆள் கிடைத்த ஜவுளிக்கடையின் கதையைப் படித்துவிட்டு, மூன்று ஜவுளிக்கடைக்காரர்கள் வந்தார்கள். யோசனை உன்னுடையது, எழுத்து என்னுடையது. ஊர் உன்னைத்தான் புகழ்ந்தது. அது அன்றைக்கும் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது.

அச்சுக்குப் போகுமுன் கதையில் வருகிற எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தாய். அனந்தபுரம் அரிசி மில்லின் கதையை எழுதியபோது நீ தேர்த் திருவிழாவுக்காக உன் ஊரான மேல்சித்தாமூருக்குப் போயிருந்தாய். நான் மில் முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். "பலே! அப்படியே போடுங்க" என்றார். போட்டேன். சந்தை நாளில் ஊரெல்லாம் கொடுத்தேன்.

நீ திரும்பி வந்து படித்ததும் கேட்டாய்: "முதலாளிய கேட்ட. அந்தப் பழைய குமாஸ்தாவ கேட்டியா?"

"பேரே போடலியேடா."

"அந்த மில்லுல இருபது வருஷமா ஒரே குமாஸ்தா. பேரு வேற எதுக்கு?"

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். சுவரைத் தடவியபடி மாடி ஏறி வந்து, மடித்த நோட்டீசை நீட்டினார்.

"மண்டியில குடோன் சாவி வச்சிக்கற வேல சார். எழுத்து வேலகூட இல்ல. வர்றேன்னு சொல்லியிருந்தேன். நேத்து வேணாம்னுட்டாங்க. கேட்டா, நோட்டீச பாருய்யான்றாங்க. எனக்கு எழுத்து தெரிய மாட்டேங்குது. இன்னா போட்டிருக்கீங்கன்னு கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க."

நான் வாங்கிப் படித்தேன். மில்லின் பெருமை, முதலாளியின் குணம், நாம் அனுப்பிய இளைஞனின் சுறுசுறுப்பு, எல்லாம் படித்தேன். நடுவில் இரண்டு வரிகள் இருந்தன: 'முன்பிருந்த குமாஸ்தாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அதை அவர் மறைத்ததால் திருவண்ணாமலைக்குப் போகவேண்டிய மூட்டைகள் திண்டிவனம் போய்ச் சேர்ந்தன.' அவற்றைத் தாண்டிப் போய்விட்டேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அவ்ளோதானா? இதுக்கா வேணாம்னாங்க?" என்றார்.

நீ என் கையிலிருந்து தாளை எடுத்தாய். "இன்னும் ரெண்டு வரி இருக்குது ஐயா" என்று சொல்லி, அவற்றை நிதானமாகப் படித்தாய். அவர் தலையைக் குனிந்து கேட்டார். "நெஜந்தான்" என்றார். தாளைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டு, மறுபடி சுவரைத் தடவியபடி இறங்கிப் போனார்.

உன்மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு. ஒரு வயதானவரை நோகடித்துவிட்டாய் என்று கத்தினேன். "நான் எழுதினதுல ஒரு வார்த்த பொய் உண்டா?" என்றும் கேட்டேன்.

"எழுதினதுல இல்ல. படிக்கும்போதுதான் பொய் சொன்ன" என்றாய்.

அதற்கப்புறம் நாம் பேசவில்லை. நீ கடைகடையாக ஏறி நோட்டீசுகளைத் திரும்பக் கேட்டு வாங்கியதை ஊரே பார்த்தது. என்னை நடுத்தெருவில் நிறுத்தி அடித்திருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. அடுத்த மாதமே ஆபீசை என்னிடம் விட்டுவிட்டு ஊருக்கு நிலத்தைப் பார்க்கப் போய்விட்டாய். பத்து மைல் இருக்குமா மேல்சித்தாமூர்? நான் வரவில்லை. நீயும் வரவில்லை.

உன்னை எடுத்த அன்றுதான் வந்தேன். கூட்டத்தில் அந்தப் பழைய குமாஸ்தாவும் இருந்தார், யாரோ ஒருவரின் தோளைப் பிடித்தபடி. என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். "ஆபீஸ் சாரா? அந்த சாவி வேலயில இப்பவும் நான்தான் இருக்கறேன் சார். உங்க கூட்டாளிதான் அந்த மண்டிக்காரர்கிட்ட நாலு தரம் நடந்து வாங்கிக் குடுத்தாரு" என்றார். நீ யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போதும் கதைகள் எழுதுகிறேன். அவற்றில் முன்பிருந்தவர் என்று யாரும் வருவதில்லை. புது ஆள் மட்டும் வருகிறார், எல்லாம் நன்றாக நடக்கிறது. கதை சப்பென்று இருக்கிறது, மாடி ஏறுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அதற்கும் உன்னைத்தான் நொந்துகொள்கிறேன். அந்தக் கடைசிப் பேச்சுக்கு ஐந்து வருடமாக எத்தனையோ பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் உன் வாயை அடைக்கிற பதில்கள். உன் ஊரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஆமாண்டா, அவரு மொகத்த பாத்துப் படிக்கப் பயந்துட்டேன்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.