போய்ச் சேந்த இங்கிலீசு

அன்புள்ள மதினி,

இன்று காலை ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் போலந்து அம்மாவின் மெயில் வந்து கிடந்தது. டியர் என்று போட்டு உங்கள் பெயர். வரும் பருவத்துக்கு எத்தனை டன் மிளகாய் வத்தல் வேண்டும், காம்பு கிள்ளியது எவ்வளவு, கிள்ளாதது எவ்வளவு என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் வழக்கமான வரி: ‘ஹவ் ஆர் யூ?’ அதற்கும் கீழே இந்தத் தடவை புதிதாக ஒன்று. ஜனவரியில் இந்தியா வருகிறாராம். தூத்துக்குடிக்கு வந்து உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. நான் இன்னும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. முதல் மாதம் சொல்லத் தெம்பில்லை. அடுத்த மாதம், போன மாதமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அதற்குப் பிறகு பழகிவிட்டது. ‘ஃபைன், தேங்க் யூ’ என்று தட்டி, கீழே உங்கள் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவேன். இறந்துபோன மதினியின் பெயரில் பத்து மாதமாக ‘நலம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறவளை என்னவென்று சொல்ல? நீங்கள் இருந்தால், ‘ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?’ என்று கேட்டிருப்பீர்கள். பிடித்துத்தான் இருக்கிறது.

இன்று சொல்லியாக வேண்டும். ஜனவரியில் அவர் வந்து நின்றால் யாரைக் காட்டுவேன்? பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. அது வரமாட்டேன் என்கிறது. அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன், நமக்கு வருகிற தமிழில்.

அண்ணனுக்கு ஸ்கூட்டர் சறுக்கிய அந்த மாசி மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. துறைமுகச் சாலையில் லாரிக்கு ஒதுங்கப் போய் விழுந்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டி, வலது கைக்கு மாவுக்கட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. விளாத்திகுளம் பக்கம் வத்தல் வாங்கி உள்ளூர் மண்டிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த மனிதர், அந்த வருடம்தான் முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் பிடித்திருந்தார். போலந்தில் ஒரு மசாலா கம்பெனி, ஒரு கண்டெய்னர் முண்டு வத்தல். சரக்கு குடோனில் இருந்தது. வேலைக்கு ஆளும் இருந்தது. இங்கிலீஷ் மட்டும் வாயில் கம்பியோடு கட்டிலில் படுத்திருந்தது.

பெரியப்பா வந்து அண்ணனைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

“மூணு மாசத்துக்கு ஆபீஸ சாத்துங்க. ஆர்டர எம்மவன் பேருக்கு மாத்தி விட்டுருதேன். வெளிநாட்டுக்காரனுக்குப் பதில் எழுதுதது என்ன, கோலம் போடுத மாதிரியா?”

காப்பி தம்ளரை எடுக்க வந்த நீங்கள் அதை எடுக்காமல் நின்றீர்கள்.

“இந்தக் கண்டெய்னர் எங்க பேர்லதான் போவும் மாமா. நாங்க எழுதிக்கிடுதோம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் நாலு மார்க்கில் ஃபெயிலானவர் நீங்கள். சாயர்புரத்தில் காலேஜை ஒட்டித்தான் உங்கள் வீடு. ‘மதிலேறி மாங்கா பறிச்சதோட நம்ம காலேஜ் படிப்பு முடிஞ்சு போச்சு’ என்று சிரிப்பீர்கள், உடனே பேச்சையும் மாற்றிவிடுவீர்கள். நான் பி.காம்., அதுவும் இங்கிலீஷ் மீடியம். வயதில் உங்களுக்கு இரண்டு வருடம் இளையவள். கர்வத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு வியாபாரக் கடிதப் புத்தகம் வாங்கி வந்தேன். மத்தியானம் காம்பு கிள்ளுகிற அக்காமார் சாப்பிடப் போனதும் குடோனிலேயே இரண்டு சாக்கைப் போட்டு உட்காருவோம். நான் வாசிப்பேன், நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள்.

“ப்ளீஸ் ஃபைண்ட்னா என்னளா?”

“தயவுசெய்து கண்டுபிடியுங்கள்.”

“பில்ல நாமதான வச்சு அனுப்புதோம்? அவுக எதுக்குக் கண்டுபுடிக்கணும்? ஒளிச்சு வச்சு வெளையாடுதோமா?”

நான் அர்த்தம் கேட்காமலே தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள். ஒரே கடிதத்தில் நான் மூன்று ‘கைண்ட்லி’ போட்டதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கெஞ்சுனா சரக்குல ஏதோ கோளாறுன்னு நெனச்சுருவாவ” என்றீர்கள். இரண்டை நீக்கினேன். காம்புக்கும் ஸ்டாக், கையிருப்புக்கும் ஸ்டாக் என்று நான் சொன்னபோது அரை மணி நேரம் நம்பவில்லை. ‘காம்பு இல்லாத வத்தல்’ என்று எழுதப்போய் ‘கையிருப்பு இல்லாத வத்தல்’ என்று எழுதிவிடுவோமோ என்று, அந்தச் சொல் வரும் இடமெல்லாம் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பீர்கள்.

காலங்களைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த அன்றுதான் என் கர்வத்துக்கு முதல் அடி. “வந்தான், வாரான், வருவான். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்? பன்னெண்டு எதுக்கு?” என்றீர்கள். ‘ஹேவ் லோடட்’ என்பதை விளக்க நான் கரும்பலகை இல்லாத குறையாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏத்தியாச்சு. அவ்வளவுதான? ஆச்சு வந்தா ஹேவ்” என்று முடித்துவிட்டீர்கள். மூன்று வருடம் காலேஜில் யாரும் எனக்கு அதை அப்படிச் சொல்லவில்லை.

இருந்தாலும் எழுதுகிற கை என்னுடையதுதானே. அந்தத் திமிர் போகவில்லை. அதுதான் நம்மைக் கவிழ்க்கப் பார்த்தது.

சரக்கு ஏற்ற ஒரு வாரம் இருக்கையில் மாசியில் யாரும் கேட்காத மழை. உப்பளக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். செய்தி எப்படியோ போலந்து வரைக்கும் போய்விட்டது. வத்தல் ஈரம் படாமல் காய்ந்தபடியே வந்து சேருமா, உறுதி சொல்ல முடியுமா என்று கேட்டு அந்த அம்மா மெயில் அனுப்பினார். நான் வாசித்துச் சொன்னேன். நீங்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னீர்கள்:

“அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்னு எழுதுளா.”

எழுதினேன். ‘வீ வில் சீ.’ எழுவாய் சரி, வினை சரி, எதிர்காலம் சரி. முற்றுப்புள்ளி கூட வைத்தேன்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்களால் உறுதி தர முடியாத நிலையில் நாங்கள் வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார். பெரியப்பாவுக்கு யார் சொன்னார்களோ, சாயங்காலமே போன் செய்து, “நான் அப்பமே சொன்னேம்லா?” என்றார். நான் அழுதுவிட்டேன். நீங்கள் அழவில்லை. என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, “நீ எழுதுனத ஒவ்வொரு வார்த்தையாத் தமிழ்ல சொல்லு” என்றீர்கள்.

“வீன்னா நாங்க. வில் சீன்னா பாப்போம்.”

“பாப்போமா? நான் பாத்துக்கிடுதோம்னுல்லா சொன்னேன்!”

“ரெண்டும் ஒண்ணுதான மதினி.”

“ஏளா, ஒன்னப் பொண்ணு பாத்துட்டுப் போனவுக பாப்போம்னு சொல்லிட்டுப் போனா அதுக்கு என்ன அர்த்தம்? கல்யாண வேலைய நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னா என்ன அர்த்தம்? ஒண்ணா ரெண்டும்?”

நம் வத்தலைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே கையை விரித்திருக்கிறேன். அகராதியை எடுத்து அந்த ‘கிடுதோம்’ எங்கே இருக்கிறது என்று தேடினேன். நீங்கள் அதை மூடி வைத்தீர்கள்.

“வார்த்தையத் தேடாத. நாம என்ன செய்யப் போறோம்னு சொல்லு. அத மட்டும் எழுது.”

அன்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷாக்கினேன். பாதிக்கு மேல் நீங்களே இங்கிலீஷில் சொன்னீர்கள். வத்தல் காய்ந்திருக்கிறது. இரண்டு நாள் மழை பெய்தது. நாங்கள் மூடி வைத்தோம். தினமும் காலையில் வீடியோ அனுப்புகிறேன். கண்டெய்னரில் ஏற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன். எல்லாம் இரண்டாம் வகுப்பு வாக்கியங்கள். நடுவில் ஒரு ‘ஃபர்தர்மோர்’ போடட்டுமா என்று கேட்டேன். முறைத்தீர்கள். கடைசியில் கீபோர்டை உங்கள் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நீங்களே ஒரு வரி அடித்தீர்கள். ‘மிஸ்டேக் இஸ் மைன்.’ அதற்குக் கீழே அண்ணன் பெயர் போடுகிற இடத்தில் உங்கள் பெயர்.

“தப்பு எழுதுனது நான், மதினி.”

“சொன்னது நான்தான? விடு.”

மறுநாள் காலை ஒரு கை வத்தலை அள்ளிக் கேமரா முன்னால் ஆட்டினீர்கள். காய்ந்த முண்டு வத்தலுக்குள் விதை உருளுகிற அந்தக் கலகலச் சத்தத்துக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. அதற்கு அடுத்த நாள் பதில் வந்தது. இப்போது புரிகிறது, ஏற்றுங்கள் என்று. கூடவே, தானும் நாற்பது வயதுக்கு மேல்தான் இங்கிலீஷ் படித்ததாகவும், மற்ற கம்பெனிகளின் கடிதத்துக்கு அகராதி தேவைப்படுகிறது, உங்கள் கடிதத்துக்குத் தேவைப்படவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த மெயிலை என்னை நாலு தடவை வாசிக்கச் சொன்னீர்கள்.

கண்டெய்னர் நம் பேரில்தான் போனது. ஏற்றி முடித்துச் சீல் வைக்கும்வரை குடையும் கையுமாக நின்றீர்கள். பெரியப்பா ஒரு வாரம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. தாடைக் கம்பியை அவிழ்த்ததும் அண்ணன் முதல் வேலையாக எல்லா மெயிலையும் வாசித்துவிட்டு, “இது என்ன இங்கிலீசு?” என்று கேட்டார்.

“போய்ச் சேந்த இங்கிலீசு” என்றீர்கள்.

அன்று நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. அதிலிருந்து எட்டு வருடம் போலந்துக் கடிதமெல்லாம் நீங்கள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வேலை பார்ப்பேன். நீங்கள் எழுதி முடித்ததும் அதைத் தமிழில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வீர்கள். காதுக்குச் சரியென்று பட்டால்தான் அனுப்புவீர்கள். இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைகூட நீங்கள் உயிரோடு வரவில்லை. அண்ணன் இப்போதும் ஆபீஸுக்கு வந்தால் உங்கள் நாற்காலியில் உட்காரமாட்டார். நான் உட்காருகிறேன். யாராவது உட்காரத்தானே வேண்டும்.

சரி, இதுவரை உங்களுக்கு எழுதிவிட்டு அந்த ஒரு வரிக்குத் திரும்பினேன்.

முதலில் ‘எக்ஸ்பயர்ட்’ என்று போட்டேன். லீவ் லெட்டரில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிஸ்கட் பாக்கெட்தான் கண்ணில் வந்தது, அழித்தேன். நாம் ‘தவறிட்டாவ’ என்போம். அதை அப்படியே கொண்டுபோய் வைத்தால் நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும். கம்ப்யூட்டர் தானாக முன்வந்து ‘பாஸ்டு அவே’ என்று மங்கலாகக் காட்டியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் எங்கேயோ பஸ் ஏறிப் போனது போல இருந்தது.

பிறகுதான் எனக்கே புரிந்தது, கோளாறு வார்த்தையில் இல்லை. தூத்துக்குடியில் நீங்கள் இல்லை. சாயர்புரத்தில் இல்லை, விளாத்திகுளத்து வத்தல் களங்களில் இல்லை. போலந்தில் மட்டும்தான் இன்னும் நலமாக இருந்தீர்கள். அதையும் என் கையால் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் பத்து மாதப் பொய்.

உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது சேலையோ நகையோ இல்லை மதினி. அண்ணன் கொடுத்தார், வேண்டாம் என்றேன். என்ன செய்யப் போகிறோமோ, என்ன நடந்ததோ, அதை மட்டும் எழுது என்றீர்களே, அது போதும் எனக்கு. அதை வைத்துத்தான் இன்று அந்த அம்மாவுக்கும் எழுதினேன்: “என் மதினி பிப்ரவரியில் இறந்துவிட்டார். உங்களிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. பத்து மாதமாக எழுதியது நான். ‘வீ வில் சீ’ என்று அன்று எழுதியதும் நான்தான். ஜனவரியில் வாருங்கள். அவர் நின்ற இடத்தைக் காட்டுகிறேன்.” கீழே என் பெயர்.

அனுப்பும் முன் உங்கள் வழக்கப்படி தமிழில் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். ‘எங்க மதினி இறந்துட்டாவ.’ இத்தனை மாதத்தில் அதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூடத் தலையை ஆட்டினேனே தவிர வாய் திறந்து சொல்லவில்லை. காதுக்குச் சரியென்று படவில்லை. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த அக்கா ஒருத்தி, “வத்தல் நெடி ஏறிட்டு போல” என்று ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் திருத்தவில்லை.