ருக்மணிக்கு மட்டும் வந்த அழைப்பு

காஜா பேராங், மலாக்கா
22-3-1959

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. முருகன் அருளால் இங்கே மூவரும் சுகம், லண்டன் குளிரில் நீயும் மார்புச் சளி இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்குச் சில நாளாக வயிற்றெரிச்சல், மருந்துக்கு அடங்கும் எரிச்சல் இல்லை, பொறாமை. அம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறாள், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து படித்தவர்கள் சிலர் வந்திருந்தார்கள். கைகால் வழங்காதவர்களும் கண் தெரியாதவர்களும் சுதந்திரம் வந்த இந்த நாட்டில் எப்படி வாழ்கிறார்கள், வேலைக்குப் போக என்ன தடை என்று ஆராய்ச்சியாம். அவர்களையும், அவர்களோடு தொழில்முறையில் பழகும் டாக்டர், நர்ஸ் மிஸ்ஸி, வாத்தியார் போன்றவர்களையும் கூப்பிட்டு வைத்துக் கேட்கிறார்கள். உன் தங்கை ருக்மணிக்கும் கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் கடிதத்தை எப்போதும் நான்தானே பிரிப்பேன், பிரித்தேன். அன்புடன் அழைக்கிறோம் என்று இங்கிலீஷில் இருந்தது. அழைப்பு வந்தால் ஒருவர் மட்டும் போவது நம்மில் ஏது? நான் சரிகை வேட்டியும் கோட்டும் போட்டேன், அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டைக் கட்டினாள், வெறுங்கையோடு போகக் கூடாது என்று தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம். அம்மா மூன்று சக்கரத் திரிஷாவில், ருக்மணி வழக்கம்போல் என் சைக்கிளில். வாசலில் நின்ற பையன் என்னைப் பார்த்து நீங்கள் டாக்டரா வாத்தியாரா என்று கேட்டான். அப்பா என்றேன். பெற்றோருக்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை, வெளியே பெஞ்சில் இருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னான். எங்கள் பின்னாலேயே வந்தாள் ஆஸ்பத்திரி மிஸ்ஸி சிவகாமசுந்தரி, ருக்மணிக்குக் கால் பயிற்சி கொடுக்கிறவள், மலாக்காவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு உள்ளே நாற்காலி, டீ, பிஸ்கட்.

நீயே சொல், இளம்பிள்ளை வாதம் வந்த நாள் முதல் அவளைப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் என்று சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அலைந்தவன் யார்? அவள் முகம் சுருங்கினால் எங்கே வலி என்று அறிந்தவன் யார்? கேட்டால் அந்தப் பெண் நிபுணராம், எனக்குப் பெஞ்சு. சன்னல் வழியாக ருக்மணி சிரிப்பது கேட்டது, வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. தட்டில் இருந்த பழத்தை நானும் அம்மாவும் அங்கே காவலுக்கு இருந்த ஜாகாவும் தின்று தீர்த்தோம். திரும்பும்போது உள்ளே என்ன பேசினாய் என்று கேட்டேன். பாலம் தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து, "கோவிச்சுக்காதீங்கப்பா, வெளிய போறதுக்கு என்னா பெரிய கஷ்டம்னு கேட்டாங்க. படிக்கட்டு இல்ல, பஸ்ஸு இல்ல, எங்கப்பா சைக்கிளுக்குக் காத்துக்கிட்டு கெடக்கிறதுதான்னு சொல்லிட்டேன்" என்றாள். மிதித்துக்கொண்டேதான் கேட்டேன்.

இதோடு விட்டதா என்றால் இல்லை. அடுத்த மாதம் கோலாலம்பூரில் இதே ஆராய்ச்சிக்கு இன்னொரு கூட்டமாம், மூன்று நாள் தங்க வேண்டுமாம், ருக்மணியை மறுபடி அழைத்திருக்கிறார்கள். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்பா, மிஸ்ஸி இருக்காங்க" என்றாள். மிஸ்ஸி இருக்கிறாளாம். நீ சொன்னால் அவள் தட்ட மாட்டாள், ஆகையால் பஸ் பயணம் உன் காலுக்கு ஆகாது, போகவேண்டாம் என்று அவளுக்கு உடனே எழுது, நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புவோம். நீ குளித்த தலையோடு வெளியே போகாதே.

மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன், இப்போது மாலை. இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை இல்லை. முனையில் உள்ள தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் வாங்கி வருகிறேன் என்று ருக்மணி கிளம்பினாள், நான் சைக்கிளை எடுத்தேன், நடந்தே போகிறேன் என்றுவிட்டாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரும்புக் கம்பி பூட்டிய சப்பாத்தின் சத்தம் தெருவோடு போனது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாள் எங்கே போகிறாய் என்று கேட்டார். அதற்கு எப்போதும் நான்தான் பதில் சொல்வேன், இன்று அவளே சொன்னாள். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று இருந்தேன், பார்க்கவில்லை. வியர்த்து விறுவிறுத்து வந்து தபால் தலையை என் கையில் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், அன்று சன்னல் வழியாகக் கேட்ட சிரிப்பு அதில் இருந்தது. வழியில் என்ன நடந்தது என்று என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கு அந்த மிஸ்ஸியிடம் எல்லாம் சொல்வாள். எரிச்சல் தீரவில்லையப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மேலே உன்னிடம் எழுதச் சொன்னதை எழுதாதே, போய் வரச் சொல்லி எழுது. எல்லாம் வல்ல முருகன் உனக்குப் படிப்பையும் தேக சுகத்தையும் தரட்டும், அம்மாவின் ஆசியும் இதில் அடக்கம். ஒன்றை மறக்காதே. அவளுக்கு எழுதுவதை என் உறைக்குள் வைக்காமல் தனி உறையில் போட்டு, மேலே அவள் பெயரை எழுது. நான் பிரிக்க மாட்டேன். அதில் என்ன எழுதினாய் என்று எனக்கும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
நடராஜன்