இடது பக்கம் அடிக்காத வண்டி

ஆடி 3, சனி

காலையிலிருந்து தூறல். தறிக்குழியில் ஈரம். ஒரு முழம் கூட ஓடவில்லை. மனசெல்லாம் வண்டி மேல்.

நேற்று செய்யாறில் கௌரியின் தங்கை தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். என் பழைய ரெட்டை சிலிண்டர் வண்டியில் கிளம்பினோம். பாதி வழியில் இடது சிலிண்டர் அடிப்பதை நிறுத்திவிட்டது. ஒரு சிலிண்டர் ரெண்டு பேரை இழுக்குமா? மேட்டில் கௌரி இறங்கி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை. ஒருத்தன் கை வேறு தட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு. "வர்ற வெள்ளிக்கிழமை படவேடு கோயிலுக்கு இதே வண்டியிலதான் போறோம். தள்ளாம போயி தள்ளாம வந்தா இருக்கட்டும். இல்லாட்டி எந்தம்பி சொன்ன ஆளு வந்து வெல பேசி எத்துகினு போவட்டும். ஸ்கூட்டர் வாங்கிக்கலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். பெண்டாட்டியைத் தள்ள வைத்தவன் வேறென்ன சொல்ல?

ஆனால் வண்டி போனால் தாங்கமாட்டேன். நாள் முழுக்கக் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயந்திரம் சேவூர் ரோட்டில் அந்தச் சத்தத்தோடு ஒரு சுற்று. அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆடி 4, ஞாயிறு

நல்ல வெயில். கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுப் பவர்லூம் நின்றதால் எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது. வலது பக்கம் டப் டப். இடது பக்கம் வெறும் புஸ்.

ரெண்டு சைலன்சரிலும் தண்ணீர் தெளித்தேன். வலது: சுர். இடது: வெறும் கையால் தொடலாம். இடது பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் குளித்திருக்கிறது. ஆக, பெட்ரோல் வருது, பொறி வரலை.

பிளக் ரெண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். பழுது இடம் மாறவில்லை. புது பிளக். அதே. பொறியைக் கிளப்பும் பாயிண்டைத் தேய்த்தேன். அதே. கை முழுக்கக் கரி. நாளைக்குத் தறியில் உட்காருவதற்குள் போகணும், வெளிர் மஞ்சள் புடவை.

கௌ. டீயோடு வந்தாள். "இன்னாங்க, ஆபரேஷன் முடிஞ்சிதா? பேஷண்ட் கண்ணு முழிச்சிகினாரா?"

நக்கல்.

ஆடி 6, செவ்வாய்

மேகமூட்டம். யூசுப் பாய் வீட்டுக்கே வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருப்பவர், என் சிநேகிதர். ஒயர் மேல் இருந்த கட்டுகளையெல்லாம் அறுத்துப் போட்டு டேங்க்கைக் கழற்றினார். ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, குழாய் விட்டு, ஒரு உதை. ரெண்டு சிலிண்டரும் அடிக்குது! பாய் சிரிக்கிறார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறேன்.

டேங்க்கை மாட்டினோம். பிளக் ஒயரைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப் போன மாசம் உடைந்துவிட்டது. கௌ. வழக்கம்போல வந்து ஒயரை இழுத்துக் கட்டினாள். தொங்கும் இழையைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது, இந்த வீட்டில் யாருக்குமே இருக்காது. ஸ்டார்ட் செய்தால் இடது பக்கம் செத்துவிட்டது.

மறுபடி கழற்றினோம். ஓடுது. மாட்டினோம். கௌ. மறுபடி கட்டினாள். நிற்குது.

"இன்னாபா இது? சட்டையக் கழட்டினாதான் வேல செய்வேன்னு அடம் புடிக்குது!" பாய் டேங்க்கில்தான் கோளாறு என்றார். உள்ளே அலசி, மூடி ஓட்டையைக் குத்தி எடுத்தோம். பயனில்லை. "செம பேஜார்பா. வியாழக்கிழமை வரேன்."

பயமாக இருக்கிறது.

ஆடி 8, வியாழன், அமாவாசை

தறிக்கு லீவு. படையல், வடை. காற்று பலம்.

பாய் வந்தார். டேங்க் கழற்றி, பாட்டில் மாட்டி, வழக்கம்போல ரெண்டும் ஜோராக அடித்தது. எஞ்சினை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார். கௌ. அடுப்படி வேலை முடித்து வந்தாள். ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பொறுக்குமா? உள்ளே போய் எப்போதும்போல மிச்ச ஜரிகையை எடுத்து வந்து ஒயரில் சுற்றி, முனையைப் பிடித்து இறுக்கினாள்.

"யம்மாடீ!"

ஷாக். ஓரடி பின்னால் போய் விழுந்தாள். எனக்கு உயிரே இல்லை. ஓடிப் போய்ப் பிடித்தேன். கையை உதறிக்கொண்டு எஞ்சினை முறைத்தாள். "கடிச்சிடுச்சிங்க!"

அப்போதுதான் உறைத்தது. இடுக்கியில் துணி சுற்றி அந்த ஜரிகை முனையைச் சட்டத்தில் வைத்தேன். இடது பக்கம் புஸ். எடுத்தேன். டப் டப். வைத்தேன், எடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி.

ஒயர் பழசு, ரப்பரில் வெடிப்பு. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி வெடிப்பு வழியாக ஜரிகையில் ஏறி, சட்டத்துக்குப் போயிருக்கிறது. ஜரிகை உலோகம். தினமும் அதைக் கையில் வைத்துப் பிழைக்கிறேன். எனக்கே தோன்றவில்லை. எங்களுக்கு அது நூல்தானே.

பாய் திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "நானும் பாத்தேன்பா, தேரு மாதிரி பளபளன்னு கட்டிகீறாங்களேன்னு. நானே மூணு வாட்டி அறுத்தும் போட்டேன்!"

கௌ. மட்டும் அசரவில்லை. "இந்த ஜரிகை டூப்புன்னு சந்தேகப்பட்டுகினே இருந்தீங்களே. அசல்தான். என் கையே சாட்சி."

வயிறு வலிக்கச் சிரித்தோம். புது ஒயர் போட்டாச்சு. இந்த முறை பட்டு நூலில் கட்டினாள். பட்டில் கரண்ட் ஏறாது.

ஆடி 9, வெள்ளி

விடியற்காலைத் தூறல், பிறகு வெளுத்தது. படவேடு வரை ஒரு தடவை கூட இருமவில்லை. கோயில் வாசலில் கௌ. பாட்டில் தண்ணீரை இடது சைலன்சரில் தெளித்தாள். சுர். என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

கூட்டம். வரிசையில் நிற்கும்போது மச்சான் போன். "மாமா, ஆளு சாயங்காலம் வந்துகினு கீறாரு." கௌ. போனைப் பிடுங்கினாள். "வேணாம்னு சொல்லிடுடா. வண்டி நல்லா கீது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பும்போது நெல் வயல் பக்கம் தோளைத் தட்டினாள். "நிறுத்துங்க." இடது பக்கம் போச்சா? காதைத் தீட்டினேன். ரெண்டும் அடிக்குது.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கியரு எங்க கீது? நானும் ஓட்டணும்."

ஆடி 11, ஞாயிறு

வெயிலுக்கு முன் சேவூர் மைதானம். மொபெட் ஓட்டியவள்தான், ஆனால் இது வேறு மிருகம். கிளட்ச் சொன்னேன், பிரேக் சொன்னேன், மெதுவா என்று நூறு தடவை சொன்னேன். உதைத்துப் பார்த்தாள், கால் வழுக்கியது. புடவையைச் செருகிக்கொண்டு மறுபடி. பிடித்துக்கொண்டது. ரெண்டு பக்கமும்.

"ஜல்தி ஏறுங்க."

பின்சீட்டில் உட்கார்ந்தேன். கிளட்சை ஒரேயடியாக விட்டாள். எதைப் பிடித்துக்கொள்வது? இத்தனை வருஷம் இவள் எதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்?