வெளியாருக்கான சொல்

கலோ,
நவம்பர் 22, 1998

அன்பு மகள் மோராவுக்கு,

பாங்காக்கிலிருந்து நீ போட்ட அட்டை வந்து சேர்ந்தது. நலமாக இருக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்போடு இன்னும் அந்த மூட்டையை முதுகில் சுமந்து திரிகிறாய் என்பதில் மகிழ்ச்சி இல்லை. அட்டையில் 'கிடைத்தது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதியிருக்கிறாய். உன் ஊரிலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் எடுத்த மதர் அலோய்சியஸ் பார்த்திருந்தால் மதியச் சாப்பாடு கிடைத்திருக்காது உனக்கு.

உன் கம்பளிக் காலுறை ஒன்று மேல் அறைக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மா பூ அதைத் துவைத்து, மடித்து வைத்திருக்கிறாள். "ஒத்தக் காலுக்குப் போட்டுக்கத் திரும்பி வருவா பாருங்க ஆன்ட்டி" என்கிறாள். வேலை செய்யும் நேரத்தைவிட அவள் பேசும் நேரம் அதிகம் என்பது உனக்குத் தெரியும்.

ஒன்றை விளக்க வேண்டும். புறப்படும் அன்று என் கணவரின் பைனாகுலரைக் கேட்டாய். முடியாது என்றேன். உன் முகம் வாடிவிட்டது. அதற்குள் ரயில் வந்துவிட்டது. எங்கள் ஊரில் வெளியாரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. கேட்டவர் மனம் சுருங்குமே என்று எங்கள் மனம் முதலில் சுருங்கிவிடும். 'யபாதெ' என்போம். பரவாயில்லை, ஆகட்டும் என்று பொருள். உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் அதே சொல்தான், அதே சிரிப்புதான். முடியாது என்பதை வீட்டு மனிதருக்கென்று வைத்திருக்கிறோம். அதை என்னிடம் வாங்கியவர்கள் என் கணவர், மா பூ, இப்போது நீ. வருத்தப்படாதே, பெருமைப்படு.

மேல் அறையைப் பூட்டிவிட்டேன். என் கணவர் இறந்த பிறகு அந்தக் கட்டிலில் படுத்தவள் நீ ஒருத்திதான். கீழே விடுதியின் எல்லா அறைகளும் நிறைந்திருந்தன. உனக்கு உடம்பு கொதித்தது. மதர் அலோய்சியஸின் அதே உச்சரிப்பில் "அம்மா" என்று முனகினாய். வேறென்ன செய்வேன்?

காலணியை நன்றாகக் காய வைத்த பிறகே போட்டுக்கொள்.

உன் அமே,
ஓன் கின்


கார்க், அயர்லாந்து,
பிப்ரவரி 9, 1999

அன்பு அமே,

இந்தக் கடிதத்தை அகராதியை அருகில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அம்மா இறந்த பிறகு என் எழுத்துப்பிழைக்காகக் கோபித்துக்கொண்டவர் நீங்கள் மட்டும்தான். அம்மாவுக்கான உங்கள் ஊர்ச் சொல்லில் 'அமே' என்று எழுதும்போதெல்லாம் தனியாக இருப்பது போலத் தோன்றுவதில்லை.

இங்கே மழை. உங்கள் கடலைமாவுக் கஞ்சியை அடுப்பில் கிண்டிப் பார்த்தேன், சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி வந்தது. மா பூவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி. கையில் காசில்லாமல் ஊர் சுற்றுபவர்களுக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறார்கள். கலோ பற்றிய பகுதி எனக்குக் கிடைத்திருக்கிறது. உங்கள் விடுதியைத்தான் முதலில் எழுதுவேன். மேல் அறையைப் பற்றியும் எழுதட்டுமா? காலையில் பனி விலகி ஒவ்வொரு பைன் மரமாகத் தெரியவரும் அந்தச் சன்னலை என்னால் மறக்கவே முடியவில்லை.

உங்கள் மகள்,
மோரா


கலோ,
மார்ச் 14, 1999

அன்பு மகள் மோராவுக்கு,

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் பெருமை. கஞ்சிக்குத் தண்ணீரைப் பிறகு ஊற்றியிருப்பாய். முதலில் ஊற்ற வேண்டும்.

விடுதியைப் பற்றி எழுது. சந்தையைப் பற்றி எழுது. மா பூவின் நூடுல்ஸைப் பற்றி எழுதினால் அவளைப் பிடிக்க முடியாது, இருந்தாலும் எழுது. மேல் அறை மட்டும் முடியாது. என் கணவரின் மூக்குக் கண்ணாடி இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறது. அந்தச் சன்னலை உனக்குத்தான் காட்டினேன், ஊருக்கு அல்ல.

வெளியாருக்குச் சொல்லும் சொல்லை நான் உனக்குச் சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

உன் அமே,
ஓன் கின்


கலோ,
ஜனவரி 17, 2000

மோராவுக்கு,

போன மாதம் இரண்டு வாலிபர்கள் முதுகுப் பையோடு வந்தார்கள். கீழே அறை காட்டினேன். "மேல ஒரு ரூம் இருக்குல்ல?" என்றான் ஒருவன்.

"அது என் வீட்டுக்காரரோட ரூம் தம்பி. வாடகைக்கு விடுறதில்ல."

அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். நான் ஏதோ ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும்; என் முன்னாலேயே தோழனிடம், "மொதல்ல இப்படித்தான் சொல்லுமாம் டா. சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவ கேக்கணுமாம்" என்றான்.

சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்டார்கள். மலை ஏறி வந்த பிள்ளைகள், வாசலில் நிற்கிறார்கள், முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். என் மனம் சுருங்கியது. "யபாதெ" என்றேன்.

இருவரும் கை தட்டினார்கள். "டேய், அப்படியே சொல்லுதுடா!"

புத்தகத்தை வாங்கிப் படித்தேன். உன் பெயர் போட்டிருந்தது. "மேலே ஓர் அறை உண்டு, வாடகைப் பலகையில் இருக்காது. ஊரிலேயே நல்ல சன்னல். முதலில் தயங்குவார். மீண்டும் கேளுங்கள். 'யபாதெ' என்று சொன்னால் அறை உங்களுடையது. இங்கே யாருக்கும் மறுக்கத் தெரியாது. எல்லா இடத்திலும் முயன்று பாருங்கள்." பிழை ஒன்றும் இல்லை. நன்றாக எழுதியிருக்கிறாய்.

அவர் மேசையில் சேற்றுக் காலணிகளைக் காய வைத்தார்கள். கண்ணாடியின் ஒரு காது உடைந்துவிட்டது. மா பூ என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஏன் ஆன்ட்டி சரின்னீங்க? எங்கிட்ட அனுப்பியிருந்தா தொடப்பத்தாலயே பதில் சொல்லியிருப்பேன்ல." அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை கேட்கிறார்கள். நூடுல்ஸ் கடைக்காரரிடமும் அப்படியே கேட்டுப் பார்த்தார்களாம்.

இன்னொருவர் மனம் நோகக் கூடாதே என்று எங்களுக்கு இருக்கும் தயக்கத்தை உன்னிடம் சொன்னேன். நீ அதைப் பூட்டைத் திறக்கும் வழியாக அச்சிட்டு விற்றுவிட்டாய்.

நான் முடியாது என்று எழுதிய கடிதம் உனக்கு வந்ததா? அதை மட்டும் சொல்.

ஓன் கின்


கார்க்,
பிப்ரவரி 6, 2000

அன்பு அமே,

வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வேறு யாருக்கும் தெரியாத ஒன்று வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் அப்படி இருந்தது உங்கள் சன்னல் ஒன்றுதான். நீங்கள் முடியாது என்றதையும் ஒரு கூச்சம் என்றே எடுத்துக்கொண்டேன். புத்தகம் வந்து விடுதி நிறைந்தால் மனம் மாறிவிடுவீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கடைசி வரிகளை வேடிக்கையாகத்தான் எழுதினேன். இப்போது என்னாலேயே அவற்றைப் படிக்க முடியவில்லை. அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு வர நினைக்கிறேன். நேரில் வந்து உங்கள் முன்னால் உட்கார வேண்டும். கண்ணாடியை நானே சரிசெய்து தருகிறேன். என்னை மன்னிப்பீர்களா? வரக் கூடாதென்றால் முடியாது என்று எழுதுங்கள், திட்டுங்கள். அதைக்கூட மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வேன்.

என்றும் உங்கள் மகள்,
மோரா


கலோ,
மார்ச் 3, 2000

மதிப்பிற்குரிய மோரா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. ஏப்ரலில் தாங்கள் கலோவுக்கு வருவதறிந்து மகிழ்ச்சி.

மேல் அறை இப்போது எல்லா விருந்தினருக்கும் உரியது. பலகையிலும் எழுதிவிட்டோம். என் கணவரின் பொருள்களைக் கீழே இறக்கியாயிற்று. மேசையும் கட்டிலும் புதியவை. பைனாகுலர் சன்னலருகே தொங்குகிறது. விருந்தினர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தாங்களும் எடுத்துக்கொள்ளலாம். காலைச் சிற்றுண்டி கீழே, பொதுக் கூடத்தில்.

தாங்கள் முன்பு விட்டுச் சென்ற காலுறை ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளோம்.

மன்னிப்பும் கேட்டிருந்தீர்கள்.

யபாதெ.

இப்படிக்கு,
திருமதி ஓன் கின்
விடுதி உரிமையாளர்