குசினிக்குள் ஓடிய போட்

07.05.2024 செவ்வாய்

சனிக்கிழமை இவர் செத்து முப்பத்தோராம் நாள். பூசை முடிய மலர்வளையத்தைக் கடலில் விட வேண்டும். கரையோடு விட்டால் போதும் என்கிறான் கொலின்ஸ். இவருடைய தம்பி, எதையும் கரையோடு முடிக்கிறவன். நான் மாட்டேன் என்றேன். சேமக்காலையில் கல்லறை இருக்கிறதுதான். ஆனால் என் மனுசனின் உயிர் போனது கடலில், அங்கேயில்லையே. அன்றைக்கு வலை போட்ட இடத்தை இவர் ஜீபிஎஸ் பெட்டியில் அமத்திப் பதிந்து வைத்திருக்கிறார். இலக்கம் 147. அங்கேதான் விட வேண்டும்.

08.05 புதன்

பெட்டியைத் துடைத்தேன். இவருடைய பெருவிரல் அடையாளம் இருந்த மூலையைத் துடைக்கவில்லை.

11.05 சனி

என்ன நாளப்பா இது.

போட்டில் கொலின்ஸ், நான், இவருடைய அக்கா மரியநாயகி மச்சாள். 147க்கு நூறு மீற்றர் என்றது பெட்டி. பிறகு ஐம்பது. பிறகு முந்நூறு! கொலின்ஸ் மெசினை நிப்பாட்டி நங்கூரம் போட்டான். நிற்கிற போட் ஓடுகிறது என்று பெட்டி காட்டுகிறது.

"தம்பிதான் தள்ளித் தள்ளிப் போறான். உயிரோடை இருக்கேக்கையும் ஒரு இடத்திலை நிண்டவனே?" என்றா மச்சாள்.

"சும்மா இரு அக்கா, மேலை சுத்துற செய்மதி பிடிக்குதில்லை."

கடைசியில் பெட்டி ஒன்றுமே காட்டவில்லை. மச்சாள் மூன்றாம் தரம் சத்தி எடுத்துவிட்டு, "எறியடி!" என்று கத்தினா. எறிந்துவிட்டேன்.

வீட்டில் பெட்டியைக் குசினி மேசையில் வைத்தேன். அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தேன்.

12.05 ஞாயிறு

சூரியனில் புயலாம். கொலின்ஸ் போனில் வாசித்தான். அங்கே வெடித்தது இங்கே வந்து செய்மதியின் கதையைக் குழப்பிவிட்டதாம். கன நாடுகளில் ஜீபிஎஸ் பிழையாம். இங்கே காற்றில்லை, மழையில்லை, வெறும் வெயில்.

"புயலெண்டால் இறங்குதுறையிலை கொடி ஏத்தியிருப்பாங்களே" என்றா மச்சாள். ஆனாலும் நாள் முழுக்கக் குடையோடு திரிகிறா. கக்கூசுக்கும்.

அப்ப நான் எங்கே எறிந்தேன்? முப்பத்தொரு நாளும் அழாமல் வைத்திருந்தது அந்த ஒரு இடத்துக்காகத்தானே. சூரியனுக்கு வேறை நாள் கிடைக்கேல்லையோ?

14.05 செவ்வாய்

படலையில் லெனாட் அண்ணை. கையில் எங்கள் மலர்வளையம். பிளாஸ்ரிக் பூ, வாடவில்லை. ஒரு நண்டுக்கால் மட்டும் கூட இருந்தது.

இவரும் அவரும் பதினொரு வருசம் கதையில்லை. அந்தோனியார் சுரூபத்தை முன்னுக்கு நின்று தூக்குவது யார் என்ற சண்டை. இவர் செத்த அன்று இவருடைய போட்டைக் கட்டி இழுத்து வந்தது லெனாட் அண்ணைதான். அன்றைக்கும் வாய் திறக்காமல் போனார்.

"உன்ரை மனுசன் செத்தும் என்ரை வலையை விடுறானில்லை, றெஜினா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு. மச்சாள் குடையை மடக்கினா.

147இல் விடத்தான் போனோம், சூரியன் குழப்பிவிட்டது என்றேன்.

"147 அவன் வலை போட்ட இடம். அவன் செத்தது, இது சிக்கின அதே இடத்திலை, என்ரை வலைக்கு மேலை." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போட் இழுபட்டு வந்திட்டுது. என்னைக் கண்டு கூப்பிட்டவன். 'லெனாட், உன்ரை வலையிலை ஏறிட்டன் போலை, கோவிக்காதை' எண்டான். நான் மற்றப் பக்கம் திரும்பி இருந்திட்டன். பிறகு பாக்க, சரிஞ்சு கிடக்கிறான்."

அப்ப சூரியன் சும்மா இருந்திருந்தால், நான் சரியாகக் கணக்குப் பார்த்துப் பிழையான இடத்தில் எறிந்திருப்பேன். வளையம் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது!

"திரும்பக் கொண்டுபோய் விடுவமோ, அண்ணை?"

"ஓம்."

16.05 வியாழன்

பெட்டி இல்லாமல் போனோம். லெனாட் அண்ணை கோயில் கோபுரத்தையும் தண்ணீர்த் தாங்கியையும் ஒரு நேராக்கிப் போட்டை நிப்பாட்டினார். வளையத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டு, "கோவமில்லையடா, செபநாயகம்" என்றார். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னார்.

நான் அழுதேன். நல்லாய் அழுதேன்.

13.06 வியாழன்

அந்தோனியார் திருநாள். சுரூபத்தைத் தூக்கும் முன்பக்கத்து வலது தண்டை லெனாட் அண்ணை தூக்கவில்லை. அது செபநாயகத்தின்ரை பக்கம் என்று கொலின்சைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, தான் இடப்பக்கம் போனார். கொலின்ஸ் ஆள் கட்டை. அந்தோனியார் குருநகர் முழுக்க ஒரு பக்கம் சரிந்துகொண்டே போனார்.