தீய்ந்த வாழைப்பழ கேக்

என் பிரியமான அக்கா,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன் பொண்ணு யாழினி இப்போது விழுப்புரத்தில் என்னோடு இருந்துதான் காலேஜுக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கேக் செய்தாள். நீ செய்வாயே, அதே வாழைப்பழ கேக். கனிந்து கறுத்த நாலு பூவன்பழம், பேரீச்சை, கொஞ்சம் டூட்டி ஃப்ரூட்டி. குக்கரில் உப்பைக் கொட்டிக் கிண்ணத்தை வைத்து, வெயிட் போடாமல் மூடிவிட்டு, பக்கத்திலேயே போனைப் பார்த்தபடி நின்றாள்.

நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாசனை அங்கே வரைக்கும் வந்தது. ஓடி இறங்கினேன்.

"இன்னாடி, தீய்ஞ்சி போச்சு, நின்னுக்கினே இருக்கே?"

"தீய்ஞ்சிடுச்சா? எனக்கு வாசனையே வர்லியே சித்தி."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன், அக்கா.

திண்டிவனம் வீட்டில் கேக் தீய்ந்த அன்று நீயும் இதையேதானே சொன்னாய்? "உங்கக்கா மூக்கு ரிப்பேரு" என்று மாமா கேலி செய்தார். நீயும் சிரித்தாய். கருகியதைச் சுரண்டிவிட்டு எல்லோரும் தின்றோம். பிறகுதான் தலைவலி, வாந்தி, ஸ்கேன். மூளையில் கட்டி என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைத்து, சைனஸ் என்றோம். கடைசிவரை நம்பினாயா?

யாழினிக்குச் சளி இல்லை. கண்ணை மூடச் சொல்லி, காபித்தூள் டப்பாவை மூக்கருகே நீட்டினேன்.

"காலி டப்பாவா சித்தி?" என்றாள்.

தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "ரெண்டு மாசமா. காலையில எழுந்தாலே வலிக்குது. சொன்னா நீ பேஜாராயிடுவேன்னு சொல்லல."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வரணும்னு இல்லம்மா. எதுக்கும் பாத்துடலாம்" என்றார் டாக்டர். அதை என் முகம் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது உள்ளே ஸ்கேன் நடக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "அம்மாகிட்ட மறைச்ச மாதிரி எங்கிட்டயும் மறைப்பியா சித்தி?"

நாங்கள் உன்னிடம் மறைத்ததை அவளிடம் யாருமே சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று மாமாவும் நானும் பேசிவைத்திருந்தோம். அப்படியென்றால் நீதான் சொன்னாயா, அக்கா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி படுத்திருந்தாயா?

அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை உனக்குச் சொல்கிறேன். எது வந்தாலும் மறைக்க மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நானே சொல்வேன்.

உன்னிடம் பொய் சொன்ன தங்கை,
செல்வி