இரண்டாவது குரல்

ஞாயிறு, 5

நிதி, உள்துறை, பாத்திரத்துறை மூன்றையும் முப்பத்தொரு வருடம் ஒரே முந்தானையில் முடிந்து வைத்திருந்த மகாராணிக்கு, கடல் தாண்டிய அடியேன் எழுதுவது.

நலம். உன் தங்கை வீட்டில் குறட்டை விட ஆள் இல்லாததால் நீயும் நலமாகவே இருப்பாய். இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், மருமகனின் பெண்டாட்டி படம் பிடித்து உன் தங்கையின் போனுக்கு அனுப்புவாளாம். "பேசிடலாமே மாமா" என்கிறாள். நீ எடுக்க மாட்டாய் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

விமானத்தில் உன் இருக்கை காலி. என் பையை அதில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினேன். வழியெல்லாம் அது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பயிற்சி.

நேற்று சந்தைக்குப் போனோம். சனிக்கிழமை மட்டும் கூடுவது. இந்த முனையில் குழந்தையாக நுழைந்தவன் அந்த முனையில் பேரன் பேத்தியோடு வெளியே வருவான், அத்தனை நீளம். அங்கே ஒரு பை பார்த்தேன். தோளில் மாட்டுவது, மண் நிறம், உள்ளே மூன்று அறை. மூக்குக்கண்ணாடியும் சாவியும் உரசிக் கீறல் விழுகிறது என்று நீ புலம்புவாயே, அதற்கென்றே தைத்தது போல.

கடைக்கார அம்மாள் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினாள். நான் பாதியைத் தட்டினேன். மருமகன் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான்.

"மாமா, வெலைய எழுதியே வெச்சிருக்காங்க, பாருங்க."

"எழுதினத அழிக்க முடியும்டா."

"நீங்க பேசறது அவங்களுக்குப் புரியாது."

"அநியாய வெலைன்னு சொல்ற மூஞ்சி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

பாதி ஊரே கூடிவிட்டது. சரி, மூன்று பேர். ஆனால் என்ன பயன்? நம் வித்தைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் பொருளைக் கட்டிக்கொண்டு உருக, நீ "வீட்ல இருக்கற குப்ப போதாதா, வாங்க" என்று நடையைக் கட்ட, கடைக்காரர் உன்னைக் கூப்பிட வேண்டும். முதல் குரலுக்கு நிற்க மட்டும்தான் வேண்டும், இரண்டாவது குரலுக்குத்தான் முகத்தைக் காட்ட வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவர் தோற்றார் என்பது நான் போட்டது.

நேற்று உருகுவதும் நானே, நடப்பதும் நானே. மீன்கடை வரை நடந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் அம்மாள் வேறு யாருக்கோ தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, அடுத்த சனிக்கிழமை அவள் என் காலில் விழுவாள்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பேரத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நானும் இறங்கி வருகிற ஆள் இல்லை, தெரியுமல்லவா?

இப்படிக்கு,
ஏழு கடல் ஏழு சந்தை வென்ற
உன் வீட்டுச் சக்கரவர்த்தி


செவ்வாய், 7

உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைத் தங்கை சத்தமாகப் படித்தாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கும் சிரித்தேன்.

"உங்க அத்தையும் வர்றான்னா விமானத்துக்கு இன்னொரு எஞ்சின் கட்டச் சொல்லுடா" என்று மருமகனிடம், கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். பாஸ்போர்ட் படத்துக்கு நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். நான் சிரித்ததும் இரண்டாவது எஞ்சினையும் கட்டினீர்கள்.

மறுநாள் வாசற்படியிலிருந்து கேட் வரை பதினாலு எட்டு நடந்தேன். வண்டியில் பெட்டியை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். "எதையாவது மறந்துட்டீங்களாம்மா?" என்று வண்டிக்காரர் கேட்டார். இல்லை என்றேன். நீங்கள் டம்ளரோடு படியில் நின்றிருந்தீர்கள்.

நான் பேரம் பேசவில்லை. போனேன்.

இங்கே பக்கத்துக் கடையில் விலை ஒட்டியிருக்கிறது. பார்க்கிறேன், கொடுக்கிறேன், வருகிறேன். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். குளிருக்குக் காதைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஞாயிறு, 12

உனக்கு,

இதை யாரிடமும் படம் பிடிக்கக் கொடுக்கவில்லை. தபால்தலை வாங்கி நானே ஒட்டினேன். சொன்ன விலைக்கு வாங்கினேன்.

நேற்று சந்தைக்கு முதல் ஆளாகப் போனேன். அந்தம்மாள் கேட்டதைக் கொடுத்துவிடுவது என்று பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். அந்த இடத்தில் ஒருவர் குடை விற்கிறார். மருமகனின் பெண்டாட்டி அவரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். "அவங்க வேற ஊர்ச் சந்தைக்குப் போயிட்டாங்களாம் மாமா. இனிமே இங்க வரமாட்டாங்களாம்." வேறு பை வாங்கலாம் என்று அழைத்தாள். நான் வேண்டாம் என்றேன். மருமகனும் அவளும் மூன்று கடை தள்ளிப் போய்த் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே நின்றேன்.

நீ கேட்டைத் திறந்தபோது நான் உன் எட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ திரும்பினால் நான் ஜெயித்தேன், இன்னொரு காபி கேட்கலாம் என்று. பெட்டியை வைத்து எடுத்ததைப் பார்த்தேன். உன் வித்தை என்று நினைத்துக்கொண்டேன். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் படியிலேயே நின்றேன். காபி ஆறிப்போயிற்று.

கூடத்தில் நான் முதல் தடவை சொன்னபோதே உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதைச் சொன்னேன். தப்பு என்னுடையது.

ராத்திரி இங்கே நால்வர் மேஜையில் மூன்று பேர் சாப்பிடுகிறோம். நான் ஏதாவது சொன்னால் இருவரும் சிரிக்கிறார்கள். "போதும், சாப்பிடுங்க" என்று சொல்ல யாரும் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நம் வீட்டில் இருப்பேன். நானே முதலில் கூப்பிடுகிறேன். வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


திங்கள், 27

உங்களுக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. தங்கைக்குக் காட்டவில்லை.

பைக்காக வருத்தப்பட வேண்டாம். என் பழைய பையில் கண்ணாடியும் சாவியும் இன்னும் உரசிக்கொண்டுதான் கிடக்கின்றன. சாவி நம் வீட்டுச் சாவிதான். இங்கே அதற்குப் பூட்டு இல்லை. எடுத்து வைக்கவும் தோன்றவில்லை.

பதினாலு எட்டு என்று எழுதினேன். இந்த ஐந்து மாதத்தில் எத்தனையோ எட்டு ஆகிவிட்டது.

உங்கள் குரல் கேட்டது. நின்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்